வீட்டுக்கு அனுப்பிய 40 விநாடி வீடியோ

நான் திருப்பூர்க்காரி. 2018 கடைசியில் ஷாங்காய்க்கு வேலைக்குப் போனேன். நம் ஊர் பனியன் கம்பெனிகளுக்கு வேண்டிய ஜிப், பட்டன், லேபிள், லேஸ் எல்லாவற்றையும் அங்கே வாங்கி, சரிபார்த்து அனுப்பும் சின்ன அலுவலகம். அதில் நான் மெர்ச்சண்டைசர். 2022-ல் கொரோனா ஊரடங்கிலும் அதை எதிர்த்த போராட்டத்திலும் அங்கே எனக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அம்மாவுக்குப் பாதிதான் தெரியும். முன்கூட்டியே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் செய்த ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பணமும் போனது, அதையும் சொல்கிறேன். ஆனால் அந்தத் தப்பு பணத்தோடு முடியவில்லை.

2022 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு அறிவிப்பு வந்தது. ஊர் நடுவே ஓடும் ஹுவாங்பு ஆற்றுக்குக் கிழக்கே மறுநாள் காலையிலிருந்து, மேற்கே ஏப்ரல் 1 முதல், தலா நாலு நாள் ஊரடங்கு. அதற்குச் சில நாள் முன்புவரை ஷாங்காயை மூடப்போவதே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூடப்போகிறார்கள் என்று வதந்தி பரப்பியதாக இரண்டு பேர் மேல் போலீஸ் நடவடிக்கைகூட எடுத்தது. என் வீடு ஆற்றுக்கு மேற்கே, ஆறு மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். நாலு நாள்தானே என்று அரிசி 5 கிலோ, முட்டை, முட்டைக்கோஸ், பால், கொஞ்சம் நூடுல்ஸ் வாங்கி வைத்தேன். வீட்டில் ஊரிலிருந்து வந்த பருப்பு அரைக் கிலோ இருந்தது. அந்த நாலு நாள் முடிந்தது ஜூன் 1-ம் தேதி. சரியாக 61 நாள்.

அரசாங்கம் ‘நாலு நாள்’ என்று சொன்னால் ஒரு மாதத்துக்குத் திட்டமிடுங்கள். பீதியில் எல்லாவற்றையும் வாரிக் குவிக்கச் சொல்லவில்லை. தினமும் சாப்பிடும் மாத்திரை, அரிசி, உப்பு, எண்ணெய், நாப்கின், குடிதண்ணீர், இந்த ஆறும் ஒரு மாதத்துக்கு இருந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம். நான் காய்கறியை யோசித்தேன், மாத்திரையை மறந்தேன். எனக்குத் தைராய்டு. தினமும் காலையில் லெவோதைராக்சின் போட வேண்டும். கையில் இருந்தது 19 மாத்திரை.

முதல் வாரம் எல்லாரும் கலகலப்பாகத்தான் இருந்தார்கள். இரண்டாம் வாரம் சோறு ஒரு பிரச்சினையானது. காய்கறி ஆப்கள் காலை 6 மணிக்குத் திறக்கும். அலாரம் வைத்து எழுந்து கூடையை நிரப்பி அழுத்துவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும். ஒன்பது நாள் தொடர்ந்து முயன்று ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. அப்போதுதான் ‘துவான்கோ’ என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டடமோ ஒரு வளாகமோ மொத்தமாகச் சேர்ந்து ஆர்டர் போடுவது. ஐம்பது தட்டு முட்டை, நூறு பை காய்கறி என்று இருந்தால்தான் வண்டி வரும். அதை ஏற்பாடு செய்பவர் ‘துவான்சாங்’, குழுத்தலைவர். எங்கள் கட்டடத்தில் அது நாலாவது மாடிப் பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். அவள் பெயரை எழுத மாட்டேன். என்னை ‘ஜியே’ என்று கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். எனக்குச் சீன மொழி பேச வரும், வேகமாகப் படிக்க வராது. வீசாட் (அங்கே வாட்ஸ்அப் மாதிரி) குழுவில் நூறு செய்தி ஓடும்போது நான் திணறுவேன் என்று தெரிந்து, தனியாக ஒரு குரல் செய்தி போடுவாள்: “ஜியே, நாளைக்கு முட்டை, வேணுமா வேண்டாமா, அது மட்டும் சொல்லு.” அந்த இரண்டு மாதமும் என் வயிறு நிறைந்தது அவளால்தான்.

30 முட்டைத் தட்டு ஒன்றுக்கு 75 யுவான் கொடுத்தேன். சாதாரண நாளில் அதில் பாதிகூட ஆகாது. அரசாங்கப் பொட்டலம் அவ்வப்போது வரும். ஒருமுறை அதில் பன்றி இறைச்சி, இன்னொருமுறை பாதி வாத்து. எனக்கு இரண்டும் பழக்கமில்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்து முள்ளங்கியும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டேன். வயதில் பெரிய பெண்களை அங்கே ‘ஆயி’ என்பார்கள். அந்தச் சொல் எப்போது காதில் விழுந்தாலும் எனக்கு எங்கள் ஊர் ஆயா நினைப்பு வரும். பணத்தைவிடப் பண்டமாற்றுதான் ஓடியது. கோக் பாட்டில் ஒன்றுக்கு ஒரு கட்டுக் கீரை கிடைக்கும். வெளியூரில் தனியாக இருப்பவர்களுக்கு நான் சொல்வேன்: நல்ல நாளிலேயே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசிப் பழகி வையுங்கள், கட்டடத்து வீசாட் குழுவில் சேர்ந்து வையுங்கள். மூன்றரை வருஷம் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன், நாலாவது மாடியில் யார் இருக்கிறார் என்று ஊரடங்குக்கு முன்னால் எனக்குத் தெரியாது.

மாத்திரை ஏப்ரல் 20-க்கு முன்னால் தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக குடியிருப்புக் குழுவின் அனுமதிச் சீட்டு வேண்டும், 48 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் பரிசோதனை வேண்டும், வண்டி வேண்டும். குழு அலுவலகத்துக்கு நாளெல்லாம் போன் போட்டேன், எடுத்தவர் அழுகிற குரலில் “என்னிடம் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எட்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தேன். கை கால் கனத்து, பகலெல்லாம் தூக்கம். அப்புறம் அந்த நாலாவது மாடிப் பெண்தான், வளாகத்தில் இருக்கும் எல்லார் மருந்துச் சீட்டையும் சேர்த்து ஒரே தன்னார்வலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். என்னிடம் சீட்டு இல்லை, பழைய அட்டையின் போட்டோதான் இருந்தது. அதில் மருந்தின் மூலப்பெயர் தெளிவாக இருந்ததால் கிடைத்தது. கம்பெனிப் பெயரை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் அந்த நாட்டு மொழியில் எழுதிய காகிதம் ஒன்று பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும்.

பரிசோதனை தினமும் உண்டு. வெள்ளைக் கவச உடை போட்டவர்களை ‘தாபாய்’, அதாவது ‘பெரிய வெள்ளை’, என்பார்கள். முற்றத்தில் வரிசையாக நின்று வாயைத் திறந்து காட்ட வேண்டும். பத்துப் பேர் குச்சியும் ஒரே குழாயில் போகும். பத்தில் ஒருவருக்கு வந்தாலும் பத்துப் பேருக்கும் தூக்கம் போகும். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குடும்பத்தை நள்ளிரவுக்கு மேல் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். ‘ஃபாங்ச்சாங்’ என்ற தற்காலிக முகாம். மிகப் பெரியது பொருட்காட்சி மையத்தில், 50,000 படுக்கை. விளக்கை அணைக்கவே மாட்டார்கள் என்று திரும்பி வந்த அந்த வீட்டு அம்மா சொன்னார். எனக்கு வியாதியைவிட அந்தப் பஸ்தான் பயம். கதவோரம் ஒரு பை தயாராக வைத்திருந்தேன். சார்ஜர், கண்ணுக்குக் கட்டும் துணி, காதில் வைக்கப் பஞ்சு, மாத்திரை, பாஸ்போர்ட் நகல்.

இரவில் பால்கனிகளில் கூச்சல் கேட்கும். ஏப்ரல் ஆரம்பத்திலேயே ஒரு பகுதியில் ட்ரோன் பறக்கவிட்டு, ‘உங்கள் ஆன்மாவின் சுதந்திர ஏக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்து பாடாதீர்கள்’ என்று அறிவித்த வீடியோவை எல்லாரும் பார்த்திருந்தோம். ஏப்ரல் கடைசியில் எங்கள் பக்கம் பாத்திரம் தட்ட ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டாம் நாள் என் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். என் தட்டின் சத்தம் தனியாகக் கேட்டது, அங்கே யாரிடமும் அது போல ஒன்று இல்லை. நாலாவது மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்த்துக் கை காட்டினாள். அந்த இரண்டு மாதத்தில் நான் அழாமல் தூங்கிய இரவு அது.

மே மாதம் ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். 2020-லிருந்தே இந்தியாவுக்கு நேரடி விமானம் அப்போது இல்லை. 2020 கடைசியிலிருந்து நம் ஆட்களுக்குச் சீனா விசாவையும் நிறுத்தியிருந்ததால், போனால் திரும்ப முடியாது என்ற பயத்தில் இரண்டரை வருஷமாக நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை. ஒரு ஏஜென்ட்டிடம் 13,500 யுவானுக்கு டிக்கெட் போட்டேன். வளாகத்தை விட்டு வெளியே போக, திரும்பி வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். கிளம்புவதற்கு முந்தின இரவு விமானம் ரத்து. எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்க மூன்று நாள் கெஞ்சினேன். டிக்கெட் பணம் ஏழு மாதம் கழித்து, 3,000 யுவான் பிடித்துக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட காலத்தில் விமான நிறுவனத்திடமே நேரடியாக டிக்கெட் எடுங்கள், ஏஜென்ட் நடுவில் இருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை வீட்டை விட்டுக்கொடுக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அலுவலகமும் அந்த இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுத்தது, அதில் 12,000 யுவான் போனது. பட்டன் வராமல் திருப்பூரில் நின்ற ஷிப்மென்ட்டுக்காக நான் வாங்கிய திட்டு இதில் சேராது.

ஜூன் 1 நள்ளிரவு தெருவெல்லாம் கொண்டாட்டம். ஆனால் பழைய வாழ்க்கை வரவில்லை. மெட்ரோவில் ஏற 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை காட்ட வேண்டும், போனில் உடல்நிலையைக் காட்டும் ‘ஹெல்த் கோட்’ பச்சையாக இருக்க வேண்டும். அந்தக் கோட் எப்படி வேண்டுமானாலும் மாறும் என்று அந்த மாதமே தெரிந்தது. ஹெனான் மாகாணத்தில் கிராம வங்கிகளில் பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் போராட வந்தபோது அவர்கள் கோட் சிவப்பாகிவிட்டது. அப்படி மாற்றப்பட்டது 1,317 பேருக்கு என்று பின்னால் அரசாங்கமே ஒப்புக்கொண்டு அதிகாரிகளைத் தண்டித்தது. செப்டம்பர் 18-ம் தேதி விடியும் முன் குயிசோ மாகாணத்தில் தனிமை முகாமுக்கு ஆட்களை ஏற்றிப் போன பஸ் கவிழ்ந்து 27 பேர் செத்துப்போனார்கள். எங்கள் கட்டடக் குழுவில் ஒருவர், “அந்தப் பஸ்ஸில் நாம் எல்லாரும் இருக்கிறோம்” என்று போட்டார். அரை மணி நேரத்தில் அது காணாமல் போனது. அக்டோபர் 13-ம் தேதி பீஜிங்கில் சிதோங் பாலத்தில் ஒரு மனிதர் தனியாக பேனர் கட்டினார். பரிசோதனை வேண்டாம், சோறு வேண்டும். ஊரடங்கு வேண்டாம், சுதந்திரம் வேண்டும் என்று. அந்த வரிகளை நான் முதலில் பார்த்தது ஒரு பொதுக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், பேனாவால் எழுதியிருந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நவம்பரில் நடந்தது ஒரே நாளில் முளைத்தது இல்லை. மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, அரசாங்கம் சொன்னபடி வாயைத் திறந்து காட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு முட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டு பொறுத்த மக்கள் அவர்கள். நம் ஊர் டிவியில் அவர்களை அடக்கிவைத்த பொம்மை மாதிரிக் காட்டும்போது எனக்கு வயிறு எரியும்.

நவம்பர் 24, வியாழக்கிழமை இரவு, ஷின்ஜியாங்கின் உரும்ச்சி நகரத்தில் ஒரு அடுக்குமாடியில் தீ. 10 பேர் இறந்தார்கள், 9 பேருக்குக் காயம் என்று அறிவித்தார்கள். இறந்தவர்கள் உய்குர் குடும்பங்கள், அங்கே வாழும் முஸ்லிம் சிறுபான்மையினர். அந்த நகரம் மூன்று மாதத்துக்கு மேலாக ஊரடங்கில் இருந்தது. தீயணைப்பு வண்டியின் தண்ணீர் மாடியை எட்டாமல் காற்றில் சிதறும் வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. வாசல் எதுவும் அடைக்கப்படவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். சிலருக்குத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் திறன் குறைவு என்றும் ஒருவர் சொன்னார். 61 நாள் உள்ளே இருந்த எங்களுக்கு அதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் எங்கள் பக்கத்துக் கட்டட வாசலில் பச்சைக் கம்பிவேலி அடித்தார்கள். அப்போதே நான் யோசித்தது இதைத்தான்: தீப் பிடித்தால்?

ஷாங்காயில் பல தெருக்களுக்குச் சீன ஊர்களின் பெயர் உண்டு. அப்படி ஒன்று உரும்ச்சி நடுச்சாலை, என் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. 26-ம் தேதி சனிக்கிழமை இரவு அந்த நாலாவது மாடிப் பெண் என் கதவைத் தட்டினாள். போனில் சொல்லவில்லை, படியிறங்கி நேரில் வந்தாள். “ஜியே, பூ வைக்கப் போகிறேன், வருகிறாயா?” எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினொரு மணி இருக்கும். தெருப் பெயர்ப்பலகைக்குக் கீழே மெழுகுவத்தி, வெள்ளைப் பூ, கையால் எழுதிய அட்டைகள். நூறு பேர் நூறு விதமாக அழுதார்கள். சிலர் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்திருந்தார்கள். அன்றைக்கு நான்ஜிங்கில் ஒரு கல்லூரி மாணவி அப்படி நின்ற வீடியோ பரவியிருந்தது. அந்தத் தாளில் என்ன எழுதவில்லை என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அவளும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். கை நடுங்கியது. பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் பெருகியது. முதலில் “ஊரடங்கை நீக்கு” என்று குரல். தேசிய கீதம் பாடினார்கள். நள்ளிரவு தாண்டியதும் யாரோ, “ஷி ஜின்பிங், பதவி விலகு” என்று கத்த, கூட்டம் திருப்பிச் சொன்னது. “கம்யூனிஸ்ட் கட்சி, பதவி விலகு” என்றும். அந்த நாட்டில் நாலு வருஷம் இருந்த எனக்கு, அந்த வார்த்தைகளைக் காதால் கேட்டதும் காலில் பலம் போய்விட்டது. சுற்றி நின்ற சிலர் பயந்து விலகினார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். போலீஸ் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது, அதற்குள் அடி எதுவும் விழவில்லை. அந்த நேரத்தில்தான் நான் போனை எடுத்தேன். 40 விநாடி வீடியோ. மெழுகுவத்தி, கூட்டம், அப்புறம் அவள். மூன்று விநாடி அவள் முகம் நேராகத் தெரிகிறது, கையில் வெள்ளைத் தாள். பெருமையில் எடுத்தேன். அங்கேயே நின்று அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், “பாருண்ணா, இதுதான் என் தங்கச்சி” என்று எழுதி.

ஒன்றரை மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் வரவில்லை என்றாள். விடியும் முன் அங்கே இருந்தவர்களைத் தள்ளி இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவள் எப்படியோ சந்து வழியாகத் தப்பி ஆறு மணிக்கு வந்து சேர்ந்தாள். மறுநாளும் கூட்டம் கூடியது, அன்றைக்குப் போலீஸ் கையோங்கியது, செய்தி எடுக்க வந்த பிபிசி நிருபர் ஒருவரையும் அடித்து இழுத்துப் போனார்கள். பீஜிங், வூஹான், செங்டு, குவாங்சோ என்று பல ஊர்களில் ஜனம் தெருவுக்கு வந்தது. திங்கட்கிழமை அந்தச் சாலையின் இரண்டு ஓரமும் நீலத் தடுப்பு. பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள்.

அதே திங்கட்கிழமை அண்ணனிடமிருந்து போன். “பாப்பா, உன் வீடியோ நம்ம ஊரு குரூப் எல்லாத்துலயும் சுத்துது.” அவன் பெருமையாகச் சொந்தக்காரர் குழுவில் போட்டிருக்கிறான். அங்கிருந்து யாரோ ஒரு செய்திக் குழுவுக்கு, அங்கிருந்து எங்கெங்கோ. ‘சீனாவில் ஆட்சி கவிழ்ந்தது’ என்று தலைப்பு வேறு. நீக்கச் சொல்லிக் கத்தினேன். அண்ணன் நீக்கினான். போனது போனதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. 26-ம் தேதி இரவு எங்கே இருந்தீர்கள், பாஸ்போர்ட்டோடு வாருங்கள். அந்தப் பக்கம் இருந்த போன்களை டவர் வைத்து எடுத்துவிட்டார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்பது அங்கே விதி, ஆகவே என் விலாசம் அவர்களுக்குப் புதிதில்லை. போகும் முன் வீடியோவை அழித்தேன். அழித்தது முப்பது நாள் ‘சமீபத்தில் அழித்தவை’ என்ற பெட்டியில் கிடக்கும் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

நடு வயது அதிகாரி. வெந்நீர் கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். போனைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். விபிஎன், அதாவது இணையத் தடையைத் தாண்டும் ஆப், ஏன் இருக்கிறது என்றார். அம்மாவிடம் பேச என்றேன். அது பொய்யில்லை. சீனாவில் வாட்ஸ்அப் ஓடாது, இந்தியாவில் வீசாட்டை 2020-லேயே தடை செய்துவிட்டார்கள். நடுவில் விபிஎன் இல்லாமல் அம்மா குரலைக் கேட்க எனக்கு வேறு வழி ஏது? அவர் ஒன்றும் சொல்லாமல் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். அந்தப் பெட்டியைத் திறந்தார். வீடியோவை ஓடவிட்டு, அவள் முகம் வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “இது யார்?” தெரியாது என்றேன். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் தெரியாது என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. சட்டவிரோதக் கூட்டத்துக்கு இனிப் போகமாட்டேன் என்று சீன மொழியில் எழுதிய ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மூன்றரை மணி நேரம் கழித்து விட்டார்கள்.

மறுநாள் அவளை அழைத்துப் போனார்கள். ஒரு இரவு, ஒரு பகல் கழித்து வந்தாள். அந்தக் கூட்டத்தில் இருந்த எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டார்கள், அவள் போனும் அந்த இரவு அங்கேதான் இருந்தது. என் வீடியோவால்தானா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. படியில் பார்த்தபோது, “ஜியே, சாப்பிட்டாயா?” என்று கேட்டாள். டிசம்பர் நடுவில் வீட்டைக் காலி செய்துகொண்டு பெற்றோர் ஊருக்குப் போய்விட்டாள்.

போராட்டத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் போனதற்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரராகப் போகிறவருக்கும் அந்த மண்ணின் ஆளுக்கும் விலை ஒன்றில்லை. நம்மைப் பெரும்பாலும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் ஊர். சிதோங் பாலத்தில் பேனர் கட்டிய மனிதரை அன்றைக்கே பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளைத் தாள் பிடித்தவர்களில் பீஜிங்கில் சிலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். ஆகவே முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். பூவைப் பிடியுங்கள், காலைப் பிடியுங்கள், கூட்டத்தின் முதுகைப் பிடியுங்கள். யாருக்கும் உடனே அனுப்பாதீர்கள், முக்கியமாக வீட்டுக்கு. பாசத்தில்தான் பரப்புவார்கள், அங்கே ஒரு பெண்ணின் முகம் எவ்வளவு ஆபத்தானது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முடிந்தால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தடுத்துவைத்தால், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள் என்று முதல் வாக்கியமாகக் கேளுங்கள். அந்த உரிமை 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையிலேயே இருக்கிறது, எனக்கு அன்றைக்குத் தெரியாது. புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

டிசம்பர் 7-ம் தேதி அரசாங்கம் பத்துத் தளர்வுகளை அறிவித்தது. பரிசோதனைச் சாவடிகள் ஒரே வாரத்தில் காலியாகின. தெருவில் நின்றவர்களால் வந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உடனே ஊரே காய்ச்சலில் விழுந்தது, மருந்துக் கடைகளில் சாதாரணக் காய்ச்சல் மாத்திரைகூட இல்லை. எனக்கு 39.5 டிகிரி. கீழ்வீட்டு ஆயி அட்டையிலிருந்து ஆறு மாத்திரை வெட்டி, கதவுப் பிடியில் பையில் தொங்கவிட்டுப் போனார்.

காவல் நிலையத்துக்குப் போனது அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நயமாகச் சொன்னார்கள். ஒப்பந்தம் முடியும் முன் காலி செய்ததால் வீட்டு முன்பணம் 5,200 யுவானும் போனது. சாப்பாட்டுக்குக் கூடுதலாக ஆனதையும் சேர்த்தால் அந்த ஒரு வருஷத்தில் 24,000 யுவானுக்கு மேல், நம் பணத்தில் 3 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜனவரி கடைசியில் சிங்கப்பூர் வழியாகக் கோவை வந்து இறங்கினேன். மூன்று வருஷம் கழித்து அம்மா என்னைப் பார்த்ததும், “எளச்சுட்ட கண்ணு” என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி அண்ணன் போனை வாங்கிப் பார்த்தேன். குழுவில் நீக்கியிருந்தான், ஆனால் போனின் சேமிப்பில் அந்த வீடியோ அப்படியே இருந்தது. அழித்தேன். அப்புறம் ‘சமீபத்தில் அழித்தவை’ பெட்டியைத் திறந்து அங்கேயும் அழித்தேன். அம்மா போன், அண்ணி போன், சித்தப்பா போன் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். சித்தப்பா போனில் அது மூன்று இடத்தில் இருந்தது. அவர் யார் யாருக்கு அனுப்பினார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார்.